வடக்கு வீதியில் ஒரு முடிச்சு

தோற்றுப்போனவர்களை யாரும் வெளிநாட்டுக்கு விருந்தாளியாகக் கூப்பிடுவதில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு பிரதேச சபையின் உறுப்பினர் மலர் ஒருநாள் போனில் வந்தாள். பிரதேச சபை என்பது ஏறக்குறைய நம் ஊராட்சி ஒன்றியம் மாதிரி. குப்பை, தெருவிளக்கு, சந்தை, நூலகம், சுடுகாடு எல்லாம் அவர்கள் தலையில்.

"அக்கா, நீங்கள் தலைவியா இருக்கேக்கை உங்கடை பஞ்சாயத்தே சொந்தமா இன்ரநெற் குடுத்ததெண்டு கேள்விப்பட்டன். நாங்களும் அதைத்தான் செய்யப் பாக்கிறம். ஒருக்கா வந்து பாருங்கோவன்" என்றாள்.

"அது செத்துப்போச்சும்மா. எனக்கு அடுத்து வந்தவரு கம்பத்தையெல்லாம் ஒரு கம்பெனிக்குத் தூக்கிக் குடுத்துட்டாரு. எங்க வயரை அவுத்து மாட்டுக் கொட்டகையில துணி காயப்போடக் கட்டியிருக்காங்க."

"தெரியும் அக்கா. வெண்ட ஆக்களைக் கூப்பிட எங்களுக்கு வசதி காணாது. தோத்த ஆக்கள் வந்து எங்கை பிழை நடந்ததெண்டு சொன்னாலே போதும்."

இப்படிப் பேசுகிறவளிடம் எப்படி மாட்டேன் என்பது? கிளம்பிவிட்டேன்.

கப்பலில் வாந்தி எடுத்து எடுத்து, காங்கேசன்துறையில் இறங்கும்போது என் உடம்பில் எலும்புதான் மிச்சம். சுங்க அதிகாரி என் பையைத் திறந்தார். அதிரசம், முறுக்கு, கம்பத்தில் கம்பியைப் பிடித்து நிறுத்தும் இரும்புப் பிடிகள் ஒரு பொட்டலம். "என்ன அலுவலா வந்தனீங்கள்?" என்றார். "ஒரு கம்பியைப் பார்க்க" என்றேன். என்னை ஒரு தரமும் அதிரசத்தை ஒரு தரமும் பார்த்துவிட்டு, "கவனமாப் போங்கோ அம்மா" என்று விட்டுவிட்டார்.

வெளியே மலர் ஸ்கூட்டியோடு நின்றாள். நாற்பதைத் தாண்டியவள், ஒல்லி, வேகமாகப் பேசுவாள், அதைவிட வேகமாக வண்டி ஓட்டுவாள். கூடவே அவள் அண்ணன் யோகன், சைக்கிளில். முன்பு கடலுக்குப் போனவர். இப்போது சபையின் கம்பிக்குக் கம்பம் ஏறுகிறவர். என் பையைச் சைக்கிளில் கட்டியபடி, "எங்கடை கையாலை கட்டினது அவிழாது, பயப்பிடாதேங்கோ" என்றார். வீடு போய் அந்த முடிச்சை அவிழ்க்க அவரையேதான் கூப்பிட வேண்டியிருந்தது.

பழைய சீமெந்துத் தொழிற்சாலையைத் தாண்டுவதற்குள் ஸ்கூட்டியின் பின் டயர் பஞ்சர். யோகன் சைக்கிளில் எங்களைக் கடந்து போய், பிறகு நினைவு வந்து திரும்பி வந்தார். பஞ்சர் ஒட்டும்வரை ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். பாலில்லாத தேநீர், கூடவே ஒரு பணிஸ், அதாவது பன். எங்கள் பக்கத்தில் பால் ஊற்றாமல் டீ கொடுத்தால் சண்டைக்குப் போவார்கள். வாந்தி எடுத்த வயிற்றுக்கு அதுதான் அமிர்தமாக இருந்தது.

கடைக்காரர் மலரை நன்றாகத் தெரிந்தவர். "மெம்பர், ஆமி பிடிச்ச காணியே இன்னும் முழுசாக் கையிலை வரேல்லை. அதுக்குள்ளை இன்ரநெற்றோ?" என்று சீண்டினார்.

"காணியைப் பற்றிக் கதைக்கிறதுக்கும் ஒரு கம்பி வேணுமெல்லோ அண்ணை" என்றாள் மலர். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு பணிஸ் வைத்தார்.

அந்த ஊர்களின் உண்மைப் பெயரை எழுதினால் மலருக்குத்தான் தொல்லை. ஆகவே உள்ளூரை ஈச்சங்காடு என்றும், கடற்கரையைக் கல்லுந்துறை என்றும் வைத்துக்கொள்வோம். ஈச்சங்காட்டில் தோட்டக்காரர்கள், வெங்காயம், புகையிலை, பெரிய கிணறுகள், சிவந்த மண், பெரிய அம்மன் கோயில், சபை மண்டபம். கல்லுந்துறையில் மீன்பிடிக் குடும்பங்கள். யுத்தத்தில் இடம்பெயர்ந்து போய், வருடக் கணக்காக முகாம்களில் இருந்து, திரும்பி வந்து குடியேறியவர்கள். மலர் அந்தக் கடற்கரைப் பெண்.

அடுத்த நாள் காலையில் மலர் என்னைக் கம்பியோடு நடக்கக் கூட்டிப்போனாள். கல்லுந்துறையில் போனுக்கு அலைவரிசை கிடையாது. கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்து, வாடிக்கையாளர்கள் போதாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்களாம். யாரிடமாவது பேச வேண்டுமென்றால் வெளி ரோட்டு மதகடிக்கு நடந்து வந்து கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். எங்கள் ஊர்க் காலனித் தெருவுக்கும் கம்பெனிக்காரர்கள் இதே பதிலைத்தான் சொன்னார்கள். வாசகம்கூட மாறவில்லை. கடல் தாண்டியும் மாறாத பதில் அது ஒன்றுதான் போலிருக்கிறது.

மலர் செய்த காரியம் எனக்குப் பிடித்திருந்தது. சபையின் சொந்தக் கட்டடங்களை மட்டும் சபையின் சொந்தத் தெருவிளக்குக் கம்பங்கள் வழியாக இணைத்திருந்தாள். சபை மண்டபத்தில் தொடங்கி, அம்மன் கோயிலின் வடக்கு வீதியைக் குறுக்கே கடந்து, நூலகம், பாலர் பாடசாலை, கடைசியில் கல்லுந்துறைச் சனசமூக நிலையம். பரீட்சார்த்தம் என்று பெயர் போட்டு இவ்வளவுக்கும் அனுமதி வாங்கிவிட்டாள். இனி இதைச் சபையே வைத்திருந்து வீடுகளுக்கும் கொடுப்பதா, அல்லது கம்பங்களை ஒரு தனியார் நிறுவனத்திடம் நீண்ட குத்தகைக்கு விடுவதா என்று சபை வாக்கெடுக்கப் போகிறது. வாக்கெடுப்பு தேர்த் திருவிழாவுக்கு மறுநாள்.

ஊர்ச் சனம் அதைக் கம்பி என்கிறது. உண்மையில் உள்ளே இருப்பது மயிரிழைக் கண்ணாடி. ஓடுவது வெளிச்சம். "உள்ளாற கண்ணாடி இருக்கு தெரியுமா?" என்று யோகனிடம் சொன்னேன். "கண்ணாடியோ? இப்பிடி வளையுது!" என்று நம்பாமல் சிரித்தார். அறுந்தால் அதை ஒட்ட ஒரு தனி இயந்திரம் வேண்டும். மானிப்பாயில் இருக்கிற சேந்தன் என்பவர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் ஒட்டிக் கொடுத்தாராம். சாத்தியதற்குக் காரணம், அவர் வேலை பார்ப்பதே கம்பங்களைக் கேட்டு நிற்கும் அந்த நிறுவனத்தில். ஒட்டி முடியும்வரை யோகன் வெளியே காவல் நின்றிருக்கிறார்.

கல்லுந்துறை நிலையத்தில் ஒரு கணினி, ஒரு கமரா, நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி. பெண்கள் கூடியிருந்தார்கள். நண்டைத் தரம் பிரிக்கும் வேலை செய்கிற இராசாத்திதான் அவர்களுக்குத் தலைவி மாதிரி. சபைக் கூட்டத்தில் பொதுசனம் பின் பெஞ்சில் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது. மலர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். கம்பி வேலை செய்வதைக் காட்டுவதற்காகக் கூட்டத்தில் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கியிருந்தாள். அந்த நேரத்தில் மண்டபத்துத் திரையில் இந்தப் பெண்கள் தோன்றிப் பேசுவார்கள்.

"சபை ஆக்களின்ரை முகம் எங்களுக்குத் தெரியுமோ?" என்று இராசாத்தி கேட்டாள்.

"இல்லை அக்கா, மண்டபத்திலை கமரா இல்லை. உங்களை அவை பாப்பினம். அவையை உங்களுக்குத் தெரியாது."

"அது நல்லம். முகத்தைப் பாத்தால் எனக்குக் கதை வராது."

அவள் கேட்க இருந்தது ஒன்றே ஒன்று. படகு கரைக்கு வருகிற இறங்குதுறையில் ஒரு விளக்கு. போன மாரியில் அவள் கணவரின் படகு இருட்டில் கல்லில் ஏறிப் பிளந்துவிட்டது. ஆள் தப்பினார், கால் தப்பவில்லை. இப்போது மகன் போகிறான். "என்ரை பிள்ளை திரும்பி வாறதுக்கு ஒரு லைற். வேறை ஒண்டும் கேக்க மாட்டன்" என்றாள். சொல்லிச் சொல்லிப் பார்த்துப் பாடமாக்கியிருந்தாள். நடுவில் மறந்தால் மற்றப் பெண்கள் எடுத்துக் கொடுத்தார்கள்.

அன்று மதியம் அவள் வீட்டில் பிட்டும் நண்டுக் கறியும். நான் நண்டு சாப்பிடும் அழகைப் பார்த்து, "இந்தியா அக்காக்கு நண்டு உடைக்கத் தெரியேல்லை, இவதான் எங்களுக்குக் கம்பி கட்டப் படிப்பிக்க வந்தவ" என்று கேலி செய்தார்கள். உறைப்பில் கண்ணீர் வழிய நானும் சிரித்தேன். அவ்வளவு நல்ல நண்டை என் வாழ்நாளில் தின்றதில்லை.

மாலையில் தவிசாளரைப் பார்க்கப் போனோம். சபைக்குத் தலைவரை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். வெள்ளை வேட்டி, திருநீறு, மென்மையான குரல். கோயில் நிர்வாகத்துக்கும் அவரே தலைவர். நான் எங்கள் பஞ்சாயத்துக் கதையைச் சொன்னேன். கம்பங்களைக் கையைவிட்டுக் கொடுத்த அன்றே எல்லாம் முடிந்துவிட்டது, நீங்களாவது கொடுக்காதீர்கள் என்றேன். முழுவதும் கேட்டார். தேநீர் குடித்தேனா என்று விசாரித்தார். கடைசியில், "பார்ப்பம்" என்றார். எங்கள் பக்கத்தில் 'பார்க்கலாம்' என்று சொல்லும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். இவர் நேராக என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். அதனால் கொஞ்சம் நம்பிவிட்டேன்.

மறுநாள் தேர். ஈச்சங்காட்டு அம்மனுக்கு அந்த வருடம் புதுத் தேர். கனடாவில் இருக்கும் ஊர்க் குடும்பம் ஒன்று செய்து கொடுத்தது. வடக்கு வீதியில் குறுக்கே போகும் கம்பியைப் பற்றி மலருக்கு ஆரம்பத்திலிருந்தே பயம். அதனால் புதுத் தேரின் வெள்ளோட்டம் நடந்த அன்று தானே கம்பத்தடியில் நின்று பார்த்திருக்கிறாள். தேர் தாராளமாகக் கீழே போயிருக்கிறது. நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டாள்.

வெள்ளோட்டத்துக்குக் கலசம் வைக்கவில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. கலசத்தைக் கனடாக் குடும்பம் திருவிழாவுக்கு வரும்போது கையோடு கொண்டு வந்தது. பழைய தேரின் கலசத்தைப்போல இரண்டு மடங்கு.

தண்ணீர்ப் பந்தல்களில் சர்க்கரைத் தண்ணீர், மோர். சுடுமணலில் ஆண்கள் பிரதட்டை, அதாவது அங்கப்பிரதட்சணம், உருண்டார்கள். கரண்ட்காரர்கள் தங்கள் கம்பிகளைக் காலையிலேயே கழற்றிவிட்டார்கள். வருடா வருடம் செய்கிற வேலை. சபையின் கம்பி யாருடைய வேலையிலும் இல்லை. வடத்தில் ஒரு பக்கம் பெண்கள். மலரும் இராசாத்தியும் கல்லுந்துறைப் பெண்களும் வடத்தைப் பிடித்திருந்தார்கள். என்னையும் இழுத்து நடுவில் விட்டார்கள்.

"எங்கடை ஆக்களை இந்த வடத்திலை கைவைக்க விட்டு எத்தினை வருசம் எண்டு நினைக்கிறியள் அக்கா?" என்று மலர் என் காதில் கேட்டாள். "ஒரு கை விரலுக்குள்ளை அடங்கும்."

கிழக்கு, தெற்கு, மேற்கு வீதிகளில் தேர் நன்றாக ஓடியது. வடக்கு வீதியில் திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும் முன்னால் யாரோ கத்தினார்கள். சக்கரத்துக்குக் கட்டை போட்டார்கள். நிமிர்ந்து பார்த்தேன். வெயிலில் தகதகத்த கலசத்துக்கும் அதற்கு முன்னால் தொங்கிய கறுப்புக் கம்பிக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. கம்பி கலசத்தின் கழுத்துக்கு நேரே இருந்தது.

மூங்கிலில் கவைக்கொம்பு கட்டிக் கம்பியைத் தூக்கிப் பார்த்தார்கள். யோகன் இழுத்துக் கட்டிய கம்பி, அசையவில்லை. பூசை ஆன கலசத்தை நடுவழியில் இறக்க முடியாது என்றார் குருக்கள். நான் மலரிடம் ஓடினேன். "ரெண்டு கம்பத்துலயும் பிடியைத் தளர்த்தி, கம்பியைக் கீழ இறக்கி, மண்ணைத் தோண்டிப் புதைச்சுடலாம். தேர் மேல போயிரும். கொஞ்சம் பொறுக்கச் சொல்லு" என்று கத்தினேன். தவில் சத்தத்தில் அவளுக்கு அது கேட்டதோ என்னவோ. என் கை ஜாடையைப் பார்த்துத் தலையாட்டினாள். அதற்குள் சனத்துக்குள் முணுமுணுப்பு தொடங்கிவிட்டது. "ஆரின்ரை கம்பி உது?" என்று ஒரு குரல். "கல்லுந்துறை மெம்பரின்ரை" என்று இன்னொரு குரல். வடத்தைப் பிடித்திருந்த கல்லுந்துறைப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கையை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை அவர்களுக்கு.

தவிசாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கோபமே இல்லை. அதே மென்மையான குரல்.

"பிள்ளை, அம்மாள் வெயிலுக்கை நிக்கிறா" என்றார்.

யோகன் அதற்குள் கம்பத்தின் உச்சியில் இருந்தார். இடுப்பில் வலை அறுக்கும் கத்தி. மேலிருந்து, "தங்கச்சி, வெட்டட்டோ?" என்று கேட்டார். கோயில் வீதி முழுவதும் மலரைப் பார்த்தது. வெட்டினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். நாளைக்கு என்ன நாள் என்றும் தெரியும். பின்னால் திரும்பி வடத்தில் நின்ற பெண்களை ஒரு தரம் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்துத் தலையை அசைத்தாள்.

கம்பி விழுந்தது. "அரோகரா" என்று வானம் அதிர்ந்தது. தேர் புறப்பட்டது. தோட்டக்காரர் ஒருவர் மலரின் தோளைத் தட்டி, "நல்ல பிள்ளை. அம்மாள் கைவிடமாட்டா" என்றார். நானும் வடத்தை இழுத்தேன். எங்கள் ஊரில் இந்த வேலையை எதிரிகள் செய்தார்கள், திட்டித் தீர்த்தோம். இங்கே யாரைத் திட்டுவது? அம்மனையா, கனடாக் குடும்பத்தையா?

தேர் நிலைக்கு வந்ததும் மலர் என் கையைப் பிடித்து இழுத்தாள். "சேந்தன் அண்ணையைப் பிடிப்பம். விடியவே வந்து ஒட்டினாரெண்டால் கூட்டத்துக்கு முன்னம் சரிவரும்." யோகனிடம் சொல்லிக்கொள்ளக்கூட நிற்கவில்லை. ஓட்டோவில் மானிப்பாய் போனோம். சேந்தன் வீட்டில் இல்லை. வட்டுக்கோட்டைப் பக்கம் வேலை என்றார் அவர் மனைவி. வட்டுக்கோட்டைக்குப் போனோம். வயல் நடுவில் ஓட்டோ நின்றுபோய், மலரும் நானும் தள்ளினோம். அங்கே போனபோது வேலை முடித்துப் போய்விட்டார் என்றார்கள். மானிப்பாய்க்கே திரும்பி, மலரின் மாமி முறையான ஒருவர் வீட்டில் தங்கினோம். பாண் என்கிற பிரெட்டும் தேங்காய்ச் சம்பலும் கொடுத்தார்கள். மலர் ஒரு துண்டைப் பிய்த்து அப்படியே கையில் வைத்திருந்தாள்.

விடிந்ததும் சேந்தனைப் பிடித்துவிட்டோம். வயதில் மூத்தவர், நல்ல மனிதர். எங்களை உட்கார வைத்துத் தேநீர் போட்டுக் கொடுத்து, முழுவதையும் கேட்டார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"குறை நினைக்காதேங்கோ தங்கச்சி. முந்தி வந்ததே கம்பெனிக்குத் தெரிஞ்சு போச்சு. இப்ப மெசினை ஒப்பிசிலை வைச்சுப் பூட்டுகினம். வேறை ஆரிட்டையும் இந்தப் பக்கம் மெசின் இல்லை. நான் வந்தாலும் வெறுங்கையோடைதான் வரவேணும்."

"ஒரு வழியும் இல்லையோ அண்ணை?"

"கொழும்பிலை கேட்டுப் பாக்கலாம். இண்டைக்கெண்டால் ஏலாது."

அவர் மேல் கோபப்பட முயன்று பார்த்தேன், முடியவில்லை. பஸ் தரிப்பிடம்வரை கூட வந்து, பஸ்சை மறித்து, எங்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். எங்கே பிழை நடந்தது என்று சொல்ல வந்தவள் நான். இங்கே யாருடைய பிழையும் இல்லாமலே எல்லாம் தவறிப்போயிருந்தது.

ஈச்சங்காட்டில் இறங்கி வடக்கு வீதி வழியாக நடந்தோம். தேர் கொட்டகைக்குள் போய்விட்டது. வீதியெல்லாம் உடைந்த தேங்காய்ச் சிரட்டை. நிமிர்ந்தால், கம்பி பழையபடி இரண்டு கம்பத்துக்கும் நடுவில் விறைப்பாகத் தொங்கியது. நடுவில் ஒரு முடிச்சு. வலைக்காரர்கள் போடுகிற முடிச்சு, இரு பக்கமும் நைலோன் நூலால் நெருக்கிச் சுற்றி, மேலே கறுப்புப் பிளாஸ்டிக் போட்டு, மழைத் தண்ணீர் இறங்காதபடி.

"அண்ணை கட்டியிருக்கிறார்" என்றாள் மலர். சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எவ்வளவு வடிவாக் கட்டியிருக்கிறார் பாருங்கோ அக்கா."

அந்த முடிச்சில் ஒரு யானையைக் கட்டலாம். வெளிச்சம் ஒரு பொட்டு போகாது. அதைத் தாண்டி எங்களுக்கு அப்போது யோசனை ஓடவில்லை. கூட்டம் தொடங்கும் நேரம், மண்டபத்துக்குள் ஓடினோம்.

நான் பின் பெஞ்சில் உட்கார்ந்தேன், வாய் திறக்காமல். மலரின் முறை வந்தது. திரை சுவரில் விரிந்திருந்தது. கணினியைப் போட்டார்கள். இணைப்பு இல்லை என்ற ஒரு வரி வந்து நின்றது. மலர் எழுந்து, நேற்றுவரை வேலை செய்த கம்பி என்றும், தேருக்காகத் தானே வெட்டச் சொன்னதாகவும், கொழும்பிலிருந்து ஆள் வந்ததும் காட்டுவதாகவும், வாக்கெடுப்பை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கும்படியும் கேட்டாள்.

"ஒரு தேருக்கே தாங்காத கம்பி, ஊருக்குத் தாங்குமோ?" என்றார் ஓர் உறுப்பினர். சிரிப்பு எழுந்தது. முந்தின நாள் மலரின் தோளைத் தட்டிய தோட்டக்காரர் அவர்தான்.

"அம்மாளுக்காகத்தானே ஐயா வெட்டினது. நீங்களும் அதிலை நிண்டனீங்கள்தானே" என்றாள் மலர்.

தவிசாளர் கையை உயர்த்தினார். "தேரை இதுக்குள்ளை இழுக்காதேங்கோ பிள்ளை. அது வேறை, இது வேறை."

கைகள் உயர்ந்தன. எண்ணத் தேவையே இருக்கவில்லை. கம்பங்கள் நிறுவனத்துக்குப் போயின. எங்கள் ஊர்க் கம்பியை அவிழ்த்துச் சுருட்டிய அன்று நான் அழவில்லை. ஊர் கேட்கத் திட்டினேன். இங்கே விருந்தாளி. முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதேன். மலர் அழவில்லை, உட்காரவும் இல்லை. கல்லுந்துறை இறங்குதுறைக்கு ஒரு விளக்காவது போட வேண்டும் என்று நின்றபடியே கேட்டாள். அது நிகழ்ச்சி நிரலில் இல்லை என்றார் செயலாளர். தவிசாளர் மலரைப் பரிவோடு பார்த்தார்.

"பார்ப்பம்" என்றார்.

கல்லுந்துறைக்குப் பஸ் போய்விட்டிருந்தது. வெயில் சாயும் நேரத்தில் நடந்தே போனோம். மறுநாள் காலையில் எனக்குக் கப்பல். "பொம்பிளையளுக்கு எப்பிடிச் சொல்லப்போறன்?" என்று மலர் ஒரு தரம் கேட்டாள். நேரே சொல்லிவிடு, தள்ளிப் போட்டால் இன்னும் வலிக்கும் என்றேன்.

சனசமூக நிலையத்தில் விளக்கு எரிந்தது. உள்ளே பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். நல்ல சேலைகள், தலையில் பூ, பொட்டு. இராசாத்தி முன் நாற்காலியில், கமராவுக்கு நேரே. கணினித் திரையில் அவர்கள் முகங்களே வரிசையாகத் தெரிந்தன. யோகன் கதவோரம் கைகட்டி நின்றார். எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"நேற்றுப் பின்னேரமே கட்டிப்போட்டன் தங்கச்சி. நீங்கள் எங்கை போட்டியளெண்டு தேடினம்."

"எல்லாரும் கதைச்சாச்சு மலர்" என்றாள் ஒரு பெண். "ஒண்டும் விடேல்லை. இராசாத்தி அக்கா ஒரு இடத்திலையும் மறக்கேல்லை."

"ரிவியிலை எங்கடை முகம் தெரிஞ்சது, அப்ப கம்பி சரியெண்டு விளங்கீட்டுது" என்றாள் இராசாத்தி. "முதல்லை கொஞ்சம் வேகமாக் கதைச்சுப்போட்டன். பேந்து சரி. இவரின்ரை காலைப் பற்றியும் சொன்னன். பிள்ளையைப் பற்றியும் சொன்னன்." மலரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "சபை ஆக்கள் எங்கடை கதையைக் கேட்டவையோ?"

நான் மலரைப் பார்த்தேன். சொல்லிவிடு என்று வழியில் சொன்னவள் நான். இப்போது சொல்லிவிடாதே என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"ஓம் அக்கா" என்றாள் மலர். "கேட்டவை."

"என்ன சொன்னவை?"

"பார்ப்பம் எண்டு சொன்னவை."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ மெல்லக் கை தட்டினார்கள். இராசாத்தி சேலையைச் சரிசெய்துகொண்டு கமராவின் பக்கம் திரும்பினாள். இரண்டு கையையும் கூப்பினாள்.

"பெரிய உபகாரம் ஐயா" என்றாள்.